அப்பத்தா குடும்பம் வாட்ஸ்அப் குழு: போட்டோக்காரர் விழுந்துவிட்டார்

திங்கள், காலை 6:12

கீதா: எல்லாரும் எழுந்ததும் இதைப் பாருங்கள். பிரியா கல்யாணத்துக்குப் பேசியிருந்த போட்டோக்காரர் நேற்று ராத்திரி பைக்கில் சறுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பில் விரிசல். கையைக் கழுத்தோடு தொங்கவிட்டுக் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் கேமராவைத் தொடக் கூடாதாம். வியாழன் முகூர்த்தம். இன்றைக்கே வேறு ஆள் பிடித்தாக வேண்டும்.

சின்ன அத்தை: அய்யோ முருகா

சின்ன அத்தை: பிரியாவுக்கா?

கீதா: பிரியாவுக்கு இல்லை அத்தை. போட்டோக்காரருக்கு.

சின்ன அத்தை: கண்ணாடி போடாமல் படித்தேன். வயிறு கலங்கிவிட்டது

செந்தில்: அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தோம்?

கீதா: முதலில் அவர் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள்

செந்தில்: எப்படி இருக்கிறார்? அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தோம்?

சித்தப்பா: 20 ஆயிரம்

பெரிய அத்தை: இனிய திங்கள் வணக்கம். சிவாய நம.

கீதா: அத்தை, மேலே பாருங்கள்

காலை 6:40

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். விஷயத்தை முழுதாகப் படித்தேன். பதற்றப்படுவதில் பயன் இல்லை. கல்யாணத்தில் சாப்பாடு மோசமாகிவிட்டால் அடுத்த வேளை சரிசெய்யலாம், மேளக்காரர் வரவில்லை என்றால் ஸ்பீக்கரில் கெட்டிமேளம் போட்டுவிடலாம், ஐயர் தாமதமானால் கோயிலில் போய் இன்னொருவரைக் கூட்டி வரலாம், ஆனால் தாலி கட்டுவது ஒரு நிமிஷம்கூட இல்லை, அதை எடுக்கத் தவறினால் தவறியதுதான். அதனால்தான் நிச்சயதார்த்தத்தன்றே சொன்னேன், போட்டோவுக்கு ஒரு ஆளை மட்டும் நம்பாதே, மாற்று ஆளையும் இப்போதே பேசி வை, அவருக்குச் சின்னத் தொகை கொடுத்து அந்தத் தேதியை மட்டும் பிடித்து வைத்துக்கொள் என்று. அப்போது தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். பரவாயில்லை. மேலும் எழுதுகிறேன், பால் பொங்குகிறது.

சித்தப்பா: நான் சிரிக்கவில்லை

பிரியா: அப்பா நீங்கள் சிரித்தீர்கள்

செந்தில்: மாமா அடுப்பைப் பாருங்கள்

கீதா: சரி, நிலவரம் இதுதான். அவர் குழுவில் நாலு பேர். டிரடிஷனல் போட்டோ, டிரடிஷனல் வீடியோ, கேண்டிட் போட்டோ, கேண்டிட் வீடியோ. விழுந்தவர் கேண்டிட் போட்டோ எடுப்பவர், குழுவுக்கு முதலாளியும் அவரே. மற்ற மூன்று பேரும் வருவார்கள் என்று படுத்துக்கொண்டே போனில் சொன்னார், பாவம். ஒரே ஒரு ஆள்தான் தேவை.

சின்ன அத்தை: கேண்டிட் என்றால்?

பிரியா: நமக்குத் தெரியாமல் எடுப்பது அத்தை

சின்ன அத்தை: தெரியாமல் எடுப்பதற்கா இவ்வளவு காசு

செந்தில்: மூன்று பேர் இருக்கிறார்களே, போதாதா?

பிரியா: மாமா!!! டிரடிஷனல்காரர் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து இங்கே பாருங்கள் இங்கே பாருங்கள் என்பார். எனக்குக் கேண்டிட் வேண்டும். ஆறு மாசம் தேடி அவரைப் பிடித்தேன்.

சித்தப்பா: வியாழன் வளர்பிறை முகூர்த்தம். ஆடி முழுக்க ஒன்றும் இல்லாமல் ஆவணியில் முதல் முகூர்த்தம். மண்டபமே நாலு மாதத்துக்கு முன்னால் பிடித்தது. இப்போது போய்க் கேட்டால் யார் கிடைப்பார்கள்

செந்தில்: மண்டபம் திருப்பரங்குன்றத்தில்தானே? முருகன் தெய்வானையைக் கட்டிய ஊர். அன்றைக்குக் கோயிலில் வரிசையாகக் கல்யாணம் நடக்கும். சுத்தி எங்கே பார்த்தாலும் போட்டோக்காரர்தான். ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம்

கீதா: விளையாடாதீர்கள்

பெரிய அத்தை: நம்ம கார்த்தி பெரிய கேமரா வைத்திருக்கிறானே

கார்த்தி: அத்தை நான் எடுப்பது பறவை

பெரிய அத்தை: பறவையே எடுக்கிறாய், அது பறந்துகொண்டு இருக்கும். மனுஷர் மேடையில் உட்கார்ந்துதானே இருக்கப் போகிறார்கள்

கார்த்தி: என்னிடம் இருப்பது 150-600 லென்ஸ். கூந்தன்குளத்தில் அந்தக் கரை நாரையை இந்தக் கரையில் இருந்து எடுப்பதற்கு வாங்கியது. தாலி கட்டுவதை அதில் எடுக்க வேண்டும் என்றால் நான் பந்தியில் நிற்க வேண்டும்.

செந்தில்: நில். அப்படியே வடை எத்தனை போகிறது என்று எண்ணு

சித்தி: கார்த்தி பொண்ணுக்கு அண்ணன். பொரி போடணும், மோதிரம் வாங்கணும். அவன் கையில் கேமராவைக் கொடுத்தால் யார் பொரி போடுவது

பெரிய அத்தை: அதுவும் சரி

காலை 7:25

பெரியப்பா: தொடர்ச்சி. இந்தக் குடும்பத்துக்கு இது புதிதல்ல. 1991இல் தம்பி கல்யாணம், அலங்காநல்லூர் வீட்டு வாசலில் பந்தல். அப்போது இந்த மெமரி கார்டு எல்லாம் கிடையாது, 36 படம் உள்ள ஃபிலிம் ரோல். கேமராவின் பின்மூடியைத் திறந்து ஃபிலிம் நுனியை எதிர்ப் பக்கச் சுருளில் செருக வேண்டும், பல் சரியாகக் கவ்வவில்லை என்றால் ஃபிலிம் நகராது, ஆனால் எண்ணிக்கை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் நெம்புகோலைத் தள்ளும்போது இடப் பக்கக் குமிழ் சுற்றுகிறதா என்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன், எண்ணிக்கை 36ஐத் தாண்டி 39, 40 என்று போனது. என்ன சார் இவ்வளவு ஓடுகிறது என்று கேட்டேன். சில ரோலில் கூட வரும் சார் என்றார். கழுவிப் பார்த்தால் மொத்தமும் வெள்ளை. மாலை மாற்றுவது முதல் தாலி, அட்சதை வரை ஒன்றும் இல்லை.

முருகேசன் சிங்கப்பூர்: அப்பா இந்தக் கதையை இந்த வருஷத்தில் நாலாவது தடவை சொல்கிறீர்கள்

பெரிய அத்தை: அவரைக் கூட்டி வந்தது யார் என்று அடுத்து எழுதப் போகிறீர்களா அண்ணே? எழுதிவிடுங்கள்.

பெரியப்பா: நான் யார் பெயரையும் சொல்லவில்லை சரோஜா

பெரிய அத்தை: சொல்ல வேண்டாம். என் வீட்டுக்காரர் தன் சிநேகிதர் என்று பைசா வாங்காமல் கூட்டி வந்தார். அன்றைக்கு வேறு யார் கையில் காசு இருந்தது? அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் அந்த ரோலைச் சுருட்டி முடியவில்லை உங்களுக்கு.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கீதா: யார் என்ன நீக்கினீர்கள்

செந்தில்: நான்தான். வேண்டாம் என்று தோன்றியது

சின்ன அத்தை: அந்தப் படம் மட்டும் இருந்திருந்தால் மூன்றாம் முடிச்சு யார் போட்டது என்று தெரிந்திருக்கும்

பெரிய அத்தை: தெரிந்ததுதான். மூத்த நாத்தனார் நான். நான்தான் போட்டேன்

சின்ன அத்தை: அக்கா நீ இரண்டாவது போட்டாய். மூன்றாவதுக்கு உன் பிள்ளை அழுகிறான் என்று இறங்கிப் போனாய்

பெரிய அத்தை: இரண்டையும் நான்தான் போட்டேன் மல்லிகா. பிள்ளை அழுதது அதற்கு அப்புறம்

முருகேசன் சிங்கப்பூர்: சித்தியைக் கேளுங்கள். கழுத்து அவர்களுடையது

சித்தி: எனக்குப் பின்பக்கம் கண் இல்லை

கார்த்தி: அம்மா!!

சித்தப்பா: மறுநாள் ஸ்டுடியோவில் போய்த் திரும்பக் கட்டுவது மாதிரி ஒரு படம் எடுக்கலாம் என்றார்கள். அம்மாதான் விடவில்லை. ஒரு கழுத்துக்கு ரெண்டு தரம் கட்டுவாயா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிரியா: அதனால்தான் ஹாலில் இருக்கிற படத்தில் பின்னால் குளமும் வாத்தும் இருக்கிறதா?

சித்தப்பா: திரைச்சீலை. வாத்துக்கு ஒரு கண்தான் வரைந்திருப்பார்கள்

காலை 9:50

கீதா: இப்போதுதான் பேசினேன். விழுந்தவரே ஒருவர் நம்பர் கொடுத்தார். விருதுநகர் தம்பி. இவர்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறதாம், யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், வீட்டில் சாவு விழுந்தால், அதில் தேதியைப் போடுவார்கள், யார் சும்மா இருக்கிறார்களோ அவர் போவார். இந்தத் தம்பிக்கு வியாழன் காலை மட்டும் கை சும்மா இருக்கிறது. 10:30க்குத் திருமங்கலத்தில் காதணி விழா. ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவார். புதன் சாயந்தரம் வரவேற்புக்கு வர முடியாது.

பிரியா: வரவேற்புக்குத்தான் லெஹங்கா

சித்தி: தாலி முக்கியமா லெஹங்கா முக்கியமா

பிரியா: அம்மா லெஹங்கா 18 ஆயிரம்

பெரிய அத்தை: பதினெட்டா???

சித்தப்பா: எனக்குப் பதினொன்று என்று சொன்னார்கள்

கீதா: அதை அப்புறம் பேசுங்கள். மாப்பிள்ளை வீட்டில் தனியாக ஒரு போட்டோக்காரர் வைத்திருக்கிறார்கள் இல்லையா? வரவேற்புக்கு அவரையே எடுக்கச் சொல்லி நம் படத்தையும் தரச் சொல்லலாமே

சித்தப்பா: அவர்களிடம் கேட்க வேண்டாம்

கீதா: ஏன் சித்தப்பா

சித்தப்பா: வேண்டாம்

செந்தில்: பத்திரிகையில் தாத்தா பெயர் கீழே போனது

கீதா: ஓ

கார்த்தி: அக்கா, அந்த விருதுநகர் அண்ணன் என்ன கேமரா என்று கேட்டாயா? நம் குழு சோனி. அவரும் சோனி என்றால் விழுந்தவருடைய லென்ஸை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், கேனன் என்றால் பொருந்தாது. அப்புறம் ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவாகிற கேமராதானா என்றும் கேள், ஒரு கார்டு போனாலும் இன்னொன்றில் இருக்கும். இன்னொன்று முக்கியம், எல்லாக் கேமராவிலும் கடிகாரத்தை ஒரே நேரத்துக்கு வைக்கச் சொல். என் நண்பன் கல்யாணத்தில் வைக்கவில்லை, ஒரு கேமரா 40 நிமிஷம் பின்னால் ஓடியது, ஆல்பத்துக்கு வரிசைப்படுத்தும்போது தாலி கட்டிய அப்புறம் மாப்பிள்ளை காசி யாத்திரை போகிறார்.

செந்தில்: அது நடைமுறையில் நிறைய பேருக்குத் தோன்றுவதுதான்

கீதா: செந்தில், இந்தக் குழுவில் நானும் இருக்கிறேன்

முருகேசன் சிங்கப்பூர்: லைவ் இருக்கிறதா? எங்களுக்கு லீவு இல்லை. முகூர்த்தம் 7:30 முதல் 8:30 என்றால் இங்கே 10 முதல் 11. ஆபீசில் காதில் மாட்டிக்கொண்டு பார்ப்பேன்

கீதா: லைவ் இருக்கிறது. லிங்க் அனுப்புகிறேன்

முருகேசன் சிங்கப்பூர்: ட்ரோன்?

பெரியப்பா: ட்ரோன் வேண்டாம் என்பது என் கருத்து. விமான நிலையச் சுற்றுச்சுவரில் இருந்து 12 கிலோமீட்டர் வரைக்கும் கட்டுப்பாடு இருக்கிறது, 2021இல் வந்த விதி, அதற்கு முன்னால் 45 கிலோமீட்டராக இருந்தது. நமது மண்டபம் அதற்குள்தான் வரும். கிட்டே போகப் போக உயரம் குறையும், அப்புறம் அனுமதி இல்லாமல் தரையில் இருந்தே கிளப்பக் கூடாது. கல்யாணத்தன்று போலீஸ் ஸ்டேஷனில் போய் உட்கார முடியாது. தவிர மண்டபத்துக்குள் நடக்கும் கல்யாணத்துக்கு மேலே பறந்து எதை எடுப்பது? கூரையையா?

சின்ன அத்தை: தாம்பூலப் பை எத்தனை சொன்னீர்கள்? 500 என்றால் போதாது

சித்தி: 600 சொல்லியிருக்கிறேன். தேங்காய் மட்டும் இன்னும் வரவில்லை

சின்ன அத்தை: தேங்காய் மேலூரில் எடுக்கவா? இங்கே பெரிசாக இருக்கும்

சித்தப்பா: எடு. வண்டிக்கு யார்

பெரிய அத்தை: தேனியில் இன்னும் மலிவு

சின்ன அத்தை: ஆரம்பித்துவிட்டாள்

மாலை 4:15

கீதா: விருதுநகர் தம்பியிடம் பேசிவிட்டேன். சோனிதான். இரண்டு கார்டு இருக்கிறது. வேலை முடிந்து கிளம்புவதற்கு முன்னால் மண்டபத்திலேயே கார்த்தி லேப்டாப்பில் ஒரு காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று அவராகவே சொன்னார், எனக்கு அந்த வார்த்தையிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. யார் யாரைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று பெயரும் படமும் கேட்கிறார், அவருக்கு நம் முகம் ஒன்றுமே தெரியாது. 12 ஆயிரம். விழுந்தவர் தன் கணக்கில் அதைக் கழித்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

சித்தப்பா: கழிக்க வேண்டாம். ஆஸ்பத்திரிச் செலவு இருக்கும் அவருக்கு

செந்தில்: மாமா அப்படி என்றால் நாம் இரண்டு பேருக்கும்

சித்தப்பா: பார்த்துக்கொள்ளலாம்

பெரியப்பா: கட்டாயம் எடுக்க வேண்டியவர்கள் என்றால் முதலில் அப்பத்தா. அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து எடுக்கக் கூடாது, இறக்கி உட்காரவைத்து எடுக்க வேண்டும், அவளுக்குப் பிடிக்காது. அப்புறம் சின்னாளபட்டிப் பாட்டி.

பெரிய அத்தை: மூத்த நாத்தனார்

சின்ன அத்தை: இது பிரியா கல்யாணம் அக்கா. நாத்தனார் அந்த வீட்டுப் பெண்

பெரிய அத்தை: தெரியும். பொதுவாகச் சொன்னேன்

கீதா: வரவேற்புக்கு யார் என்பது இன்னும் பாக்கி. டிரடிஷனல்காரரே சமாளிக்கிறேன் என்கிறார். கார்த்தி, அன்றைக்குச் சாயந்தரம் உனக்குப் பொரி கிடையாது. ஒரு சின்ன லென்ஸ் வாடகைக்கு எடுத்தால்?

கார்த்தி: எடுக்கலாம். ஆனால் நான் எடுத்து நன்றாக இல்லை என்றால் இவள் சாகும்வரை சொல்வாள்

பிரியா: ஆமாம் சொல்வேன்

கார்த்தி: மேடைக்குப் பின்னால் அந்த எல்இடி திரை வேறு. ஷட்டர் வேகம் சரியாக வைக்கவில்லை என்றால் கோடு கோடாக விழும்

பிரியா: பார், இப்போதே காரணம்

சித்தி: யார் எடுத்தாலும் சரி. தாலி கட்டும்போது ஒருத்தரும் மேடைக்கு முன்னால் செல்போனை நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. எனக்கு அந்த ஒரு படம் வேண்டும்

சின்ன அத்தை: சரி அண்ணி

பெரிய அத்தை: சரி லட்சுமி

பெரிய அத்தை: குரல் பதிவு 3:48

செந்தில்: யாராவது கேட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொல்லுங்கள்

முருகேசன் சிங்கப்பூர்: 91. முடிச்சு.

இரவு 9:05

கீதா: விருதுநகர் தம்பி அட்வான்ஸ் 5000 கேட்கிறார். அனுப்பினால்தான் தேதியைப் போட்டோக்காரர்கள் குழுவில் இருந்து எடுப்பாராம். யார் அனுப்புகிறீர்கள்?

கீதா: யாராவது

கீதா: 14 பேர் பார்த்திருக்கிறீர்கள்

செவ்வாய், காலை 5:31

பெரியப்பா: இனிய காலை வணக்கம். செவ்வாய்க்கிழமை முருகனுக்கு உகந்த நாள்.

கீதா: பெரியப்பா, அட்வான்ஸ்?

பெரியப்பா: அனுப்பலாம். ஜிபே நம்பர் கொடு. உனக்கு அனுப்பவா, அவருக்கே அனுப்பவா? ரசீது தருவாரா?

சின்ன அத்தை: தேங்காய் 300 எடுத்துவிட்டேன். வண்டி?