மானியச் சரிவா, வரம்பு வீழ்ச்சியா?

ஐயா, வணக்கம்.

வருமானம் வரம்பைச் சற்றே தாண்டியதும் அரசு உதவி மொத்தமாக நின்றுபோவதை ஆங்கிலத்தில் 'பெனிஃபிட் கிளிஃப்' (benefit cliff) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் தந்த 'மானியச் சரிவு' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசு மானியத் தொகையைக் குறைத்துவிட்டது என்றுதான் செய்தி படிப்பவர் எடுத்துக்கொள்வார். தவிர, சரிவில் மெல்ல இறங்கலாம். இங்கே ஒரே அடியாக விழுகிறார்கள்.

அமெரிக்காவில் ஒரு தாய்க்கு மழலையர் காப்பகக் கட்டணத்தில் மாதம் 900 டாலரை மாநில அரசு ஏற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 100 டாலர் கூடி வருமான வரம்பைத் தாண்டினால் அந்த 900 மொத்தமாகப் போய்விடும். அதனால் கூடுதல் நேர வேலை வேண்டாம், பதவி உயர்வும் வேண்டாம் என்று ஒதுங்குகிறார்கள். உழைக்க மனமில்லாதவர்கள் என்று அவர்களைப் பேசுவது அநியாயம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். வேலைக்கு ஆள் கிடைக்காமல் முதலாளிகளும் தவிக்கிறார்கள்.

ஆகவே 'வரம்பு வீழ்ச்சி' என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்த எவருக்கும் 'வருமான வரம்பு' தெரியும். கோளாறு எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லே காட்டிவிடும்.

கூடவே, உதவியை ஒரே அடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கும் 'பேஸ் அவுட்' (phase-out) என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். அமெரிக்காவில் காப்பகக் கட்டண உதவிக்கான நடுவண் சட்டத்தை 2014இல் புதுப்பித்தபோதே, வருமானம் சற்றுக் கூடியவர்களை உடனே நீக்காமல் படிப்படியாக விடுவிக்கச் சொன்னார்கள். இதைப் 'படியிறக்கம்' எனலாமா? வெர்மான்ட் மாநிலத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆளுநர் ஃபில் ஸ்காட் ஒப்புதல் மறுத்தும் சட்டமன்றம் மறுபடி வாக்களித்து நிறைவேற்றியது. வறுமைக்கோட்டு வருமானத்தில் 175 விழுக்காடு வரை உள்ள குடும்பம் காப்பகக் கட்டணத்தில் தன் பங்காக எதுவும் கட்ட வேண்டாம். அதற்கு மேல் 575 விழுக்காடு வரை குடும்பத்தின் பங்கு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். செலவை ஈடுகட்ட 0.44 விழுக்காடு ஊதிய வரி போட்டார்கள்.

நியூ மெக்சிகோ மாநிலம் 2025 நவம்பர் 1 முதல் இந்த உதவிக்கான வருமான வரம்பையே எடுத்துவிட்டது. எண்ணெய், எரிவாயு வருவாயில் வளர்ந்த நிதியம் அங்கே கைகொடுக்கிறது. எல்லா மாநிலங்களுக்கும் அது வாய்க்காது. எனவே படியிறக்கம்தான் பலருக்கும் வழி, சொல்லும் அடிக்கடி தேவைப்படும்.

'படிக்குறைப்பு' என்றும் யோசித்தேன். பஞ்சப்படி, பயணப்படி என்று புழங்கும் ஊரில் அது சம்பள வெட்டு என்றே காதில் விழும். அதனால் விட்டுவிட்டேன். 'படியிறக்கம்' பதவியிறக்கம் போல ஒலிக்கிறதா என்று மட்டும் மற்றவர்கள் சொல்லுங்கள்.