பள்ளியில் இசை படித்தவர்கள்: நீங்களே ஒரு மெட்டு அமைத்தது உண்டா?

வாய்க்கால்கரை எழுதியது:

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் 2014இல் நான் எட்டாம் வகுப்பு படித்தேன். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் தமிழகம் முழுவதும் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் நியமிக்கப்பட்டிருந்தார்கள். எங்கள் பாட்டு டீச்சர் அவர்களில் ஒருவர். வாரத்தில் மூன்று அரைநாள்தான் வருவார். அதிலும் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுத்தது போக மிஞ்சிய நேரமே எங்களுக்கு. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற தொடக்கப் பயிற்சிகள், மோகன ராகத்தில் ஒரு கீதம் என்று எல்லாமே அவர் பாட நாங்கள் திருப்பிப் பாடியவைதான். முன்பே அமைத்து வைத்ததைப் பாடுவது கல்பித சங்கீதம், பாடுபவரே அந்த இடத்தில் கற்பனை செய்வது மனோதர்மம் என்று எழுதிப் போட்டார். இரண்டாவது எங்களுக்கு வெறும் இரண்டு மதிப்பெண் கேள்வியாகவே இருந்தது.

அந்த ஆண்டு விழாவுக்குச் சினிமாப் பாட்டு வேண்டாம், நீங்களே பாட்டுக் கட்டுங்கள் என்றார். கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்காலைப் பற்றி நாங்கள் நான்கு பேர் எட்டு வரி எழுதினோம். மோகனத்தில் மெட்டுப் போடச் சொன்னார். மத்திமமும் (ம) நிஷாதமும் (நி) இல்லாத ஐந்து சுரம் என்பதால் கூட்டமாகப் பாடும்போது சறுக்குகிற இடம் குறைவு என்பது அவர் கணக்கு. எங்களுக்குத் தெரிந்த ஒரே தாளம் ஆதி என்பதால் எட்டு எண்ணிக்கையில் வரிகளைத் திணித்தோம். சொற்கள் தாளத்துக்கு வெளியே தொங்கின. டீச்சர் நோட்டை மூடச் சொல்லி, எங்களை வட்டமாக நிற்க வைத்துக் கும்மி தட்டச் சொன்னார். தட்டத் தட்ட, வரிகள் மும்மூன்றாகத் தாமே பிரிந்து உட்கார்ந்தன. திஸ்ர நடை என்ற பெயரைப் பாட்டு சரியான பிறகுதான் சொன்னார். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாடமுறை இல்லை.

மெட்டு என்னுடையது என்று நான் பெருமையாகப் பாடிக் காட்டியபோது அவர் சிரித்துவிட்டு, "கண்ணு, இது உங்க ஊட்டுல யாரு பாடுவாங்க?" என்று கேட்டார். வீட்டுக்குப் போய்ப் பாடினேன்; அம்முச்சி, அதாவது அம்மாவின் அம்மா, அடுத்த வரியை அவராகவே எடுத்தார். அது அவர் மாரியம்மன் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) பாடும் கும்மி. மறுநாள் அழாத குறையாகச் சொன்னேன். மெட்டில் முதல் மூன்று வரி அம்முச்சியுடையதாகவே இருக்கட்டும், கடைசி வரியை மட்டும் நீ மாற்று என்றார் டீச்சர். பஞ்சமத்தில் (ப) முடிந்ததை மேல் ஷட்ஜத்துக்கு (ச) ஏற்றினேன். எழுத்தின் தலையில் புள்ளி, நீட்டலுக்குக் காற்புள்ளி என்று அந்த ஒரு வரியை நானே சுரப்படுத்தி எழுதிய தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது.

விழாவன்று இரண்டாம் சரணத்தில் கரண்ட் போய், ஆதார சுரத்தை ஒலிக்கும் மின்சாரச் சுருதிப் பெட்டி நின்றது. ஐந்து கட்டைச் சுருதியில் தொடங்கிய நாங்கள் மெல்ல நாலரைக்கு இறங்கிவிட்டோம். கரண்ட் திரும்பியபோது பெட்டி மட்டும் ஐந்திலேயே ஒலித்தது. கும்மித் தட்டு இருந்ததால் பிழைத்தோம்.

பீளமேட்டுத் தகப்பன் எழுதியது:

என் மகள் கோவையில் பத்தாம் வகுப்புக்கு இணையான கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் இசையை ஒரு பாடமாக எடுத்தாள். கேட்டறிதலுக்கு 40 விழுக்காடு, பாடியோ வாசித்தோ காட்டுவதற்கு 30, சொந்தமாக இசையமைப்பதற்கு 30. மேலே எழுதிய சகோதரிக்கு மெட்டமைக்கும் வாய்ப்பு ஒரு டீச்சரின் விருப்பத்தால் கிடைத்தது, இங்கே மதிப்பெண்ணோடு வருகிறது. ஆனால் அதற்கு நாங்கள் கட்டிய தொகையை நினைத்தால் பெருமைப்பட மனம் வரவில்லை.

இரண்டு இசைத்துண்டுகள் அமைக்க வேண்டியிருந்தது. ஒன்றைப் பியானோவில் எளிதாக முடித்துவிட்டாள். இரண்டாவதற்கு, எங்கள் ஊர்க் கோயில் நோம்பியில் கைப்பேசியில் பதிந்த, துடும்பு என்ற கொங்குப் பறையின் அடியை எடுத்துக்கொண்டாள். அடி காதில் நிற்கிறது, மேற்கத்திய முறைப்படி ஐந்து கோட்டில் எழுத உட்கார்ந்தால் நழுவுகிறது. மூன்று வாரம் அழித்து அழித்து எழுதினாள். துடும்புக்காரர் ஒருவரிடம் நிறுத்தி நிறுத்தி அடித்துக் காட்டும்படி கேட்டோம். "நிறுத்துனா வராதுங்க, முழுசா அடிச்சாத்தான் வருமுங்க" என்றார். கடைசியில் அவர் முழுதாக அடித்ததையே மெதுவாக ஓடவிட்டு எழுதினாள்.

'ஒத்து' எழுதியது:

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஈரோடு மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதசுரம் படித்தவன். பன்னிரண்டு வயது முதல் சேரலாம், மூன்றாண்டுப் படிப்பு. நாதசுரத்துக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். அங்கும் யாரும் என்னை மெட்டுப் போடச் சொன்னதில்லை. இரண்டாம் ஆண்டில் காங்கேயம் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு என் ஆசானோடு போனேன். சடங்குகளை நடத்தி வைக்கும் அருமைக்காரர் வந்து சேரத் தாமதம், சீர் தொடங்கவில்லை. ஆசான் தேநீர் குடிக்க எழுந்து, "கல்யாணி ராகத்தைப் புடிச்சுக்கோ, நான் வர்ற வரைக்கும் உடாதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தெரிந்த கீர்த்தனைகள் பத்து நிமிடத்தில் தீர்ந்தன. அதன் பிறகு அரைமணி நேரம் நானாகவே கற்பனை செய்து வாசித்தேன். தவில்காரர் ஓரிடத்தில் தலையாட்டினார், அதே பிடியை (சுரக்கோவையை) இன்னொரு முறை வாசி என்று கண்ணால் கேட்டார். எனக்கு அது திரும்ப வரவில்லை.