அம்மாவுடன் மொம்பாசா: டிக்கெட் போடும் முன் ஒரு சந்தேகம்

திருநகர்வாசி:
தம்பி கென்யாவில், மொம்பாசாவில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய கையோடு நாமும் கிளம்பிவிடலாம் என்கிறார் அம்மா. அவருக்கு 63 வயது. சுத்த சைவம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நானும் அவரும் மட்டும், பத்து நாள். மதுரையிலிருந்து மும்பை, அங்கிருந்து நைரோபி என்று டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். இன்னும் பணம் கட்டவில்லை. நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு ரயிலா, விமானமா? அம்மாவுக்குச் சாப்பாடு எப்படி? தம்பியைக் கேட்டால் "வாங்க, பாத்துக்கலாம்" என்று முடித்துக்கொள்கிறான். அம்மாவோ அதிரசத்துக்கு வெல்லம் வாங்கிவிட்டார்.

மேலூர்க்காரன்:
பணம் கட்டாமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. மொம்பாசாவில் ஒரு கடையில் ஆறு வருடம் கணக்கு எழுதியவன் நான். முதலில் கேட்க வேண்டியது ரயிலைப் பற்றி இல்லை, ஊசியைப் பற்றி.

கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை கையில் இருக்க வேண்டும். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லும். தெருமுனை கிளினிக்கில் போட்டால் ஆகாது, அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. நமக்குப் பக்கம் தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம். போகும் முன் எந்த நாளில் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள்.

அட்டை இல்லாமல் வந்து மாட்டியவன் நான். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் "அதெல்லாம் சும்மா, யாரும் கேட்க மாட்டாங்க" என்றார். மும்பையில் இறங்கியதும் கேட்டார்கள். ஆறு நாள் தனிமை வார்டு. ஜன்னல் வழியே ஏறுகிற விமானத்தையும் இறங்குகிற விமானத்தையும் எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். மேலூரில் தங்கைக்கு நிச்சயதார்த்தம் நான் இல்லாமலே முடிந்தது. அவள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

உங்கள் அம்மா விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 60 வயது தாண்டியவர்களுக்கு அந்த ஊசியால் பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல். அதனால் அவரை வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் "போடலாமா" என்று கேட்டுவிட்டு, அப்புறம் டிக்கெட். கடற்கரைப் பக்கம் மலேரியா உண்டு. அதற்கான மாத்திரையையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.

மே மாதம் வேண்டவே வேண்டாம். ஏப்ரலும் மேயும் அங்கே அடைமழை. ஜூலை, ஆகஸ்டில் காற்று இதமாக இருக்கும். 2024 ஜனவரியிலிருந்து விசா கிடையாது, அதற்குப் பதிலாக இணையத்தில் இ.டி.ஏ. என்கிற பயண முன்அனுமதி வாங்க வேண்டும். அரசுத் தளத்திலேயே போடுங்கள்.

ரயிலில் போங்கள். 2017இல் வந்த புதுப் பாதை, ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். சாவோ காட்டை ஊடறுத்துப் போகிறது. அங்கே யானைகள் சிவப்பாக இருக்கும்! செம்மண்ணில் புரண்டு புரண்டு, நம் பக்கத்து ஓட்டு வீட்டு நிறத்தில் நிற்கும். 1898இல் ரயில் பாதை போட வந்த இந்தியத் தொழிலாளர்களைச் சிங்கங்கள் அடித்துத் தின்றது இந்த சாவோவில்தான். அதை அம்மாவிடம் ஊர் வந்து சேர்ந்தபிறகு சொல்லுங்கள். நைரோபி நிலையம் ஊருக்கு வெளியே சியோக்கிமாவில், விமான நிலையத்துக்குப் பக்கம். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பெட்டிகளை வரிசையாகத் தரையில் வைக்கச் சொல்லி நாயை விட்டு மோப்பம் பிடிக்க வைப்பார்கள். கத்தி, கித்தி இருந்தால் வாங்கி வைத்துவிடுவார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். குஜராத்திக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற ஊர், சைவக் கடைகள் உண்டு. காலையில் மஹம்ரியும் ம்பாஸியும் வாங்கிக் கொடுங்கள். மஹம்ரி ஏலக்காய் மணக்கும் உப்பின பூரி மாதிரி. ம்பாஸி என்பது நம் துவரைதான், தேங்காய்ப்பாலில் வேகவைத்தது. என் அம்மாவுக்கு நான் செய்து கொடுத்தபோது "துவரையை இப்படியும் கெடுக்கலாமா" என்றுவிட்டு இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

வில்லாபுரம் அக்கா:
மேலூர் அண்ணன் விட்டதைச் சொல்கிறேன். கென்யாவில் பிளாஸ்டிக் பைக்கு 2017 ஆகஸ்டிலிருந்து தடை. முறுக்கு, அதிரசத்தை கேரி பேக்கில் கட்டிக்கொண்டு போய் இறங்காதீர்கள். எவர்சில்வர் தூக்கு, மஞ்சப்பை போதும்.

ஃபோர்ட் ஜீசஸ் கோட்டைக்குக் காலையிலேயே போங்கள். 1593இல் போர்ச்சுகீசியர் பவளப்பாறைக் கல்லில் கட்ட ஆரம்பித்தது. வெயில் ஏறினால் மேல் சுவரில் நிற்க முடியாது. பழைய ஊரின் சந்துகள் பக்கத்திலேயே. முழங்கால் வலி என்றால் டுக்-டுக் இருக்கிறது, நம் ஊர் ஆட்டோதான். தென்கரைக்குப் போகிற லிக்கோனி ஃபெரி படகில் போட்டோ எடுக்காதீர்கள், தடை. உங்களைவிடச் சின்னவர்கள் அம்மாவிடம் "ஷிகாமூ" என்பார்கள், பெரியவர்களுக்கு வைக்கிற வணக்கம். "மரஹபா" என்று பதில் சொல்லச் சொல்லுங்கள். என் மாமியார் அதற்கே பாதி ஊரைக் கைக்குள் போட்டுக்கொண்டார்.

மேலூர்க்காரன்:
அக்கா சொன்னதும் நினைவு வந்தது. அங்கே பேசுகிற சுவாஹிலி மொழியில் மணியைச் சூரியன் உதித்ததிலிருந்து எண்ணுவார்கள். காலை ஏழு என்றால் ஒரு மணி. போன புதிதில் டுக்-டுக்காரர் "இரண்டு மணிக்கு வருகிறேன்" என்றார். காலை எட்டுக்கு வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். நான் மத்தியானம் இரண்டுக்குப் பெட்டியோடு வாசலில் நின்றேன்.

திருநகர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். டிக்கெட்டை ஆகஸ்டுக்குத் தள்ளிவிட்டேன். அம்மா ஒன்று மட்டும் கேட்கச் சொன்னார்: சின்ன அரிவாள்மனை கொண்டுபோகலாமா?

மேலூர்க்காரன்:
தம்பி வீட்டில் கத்தி இருக்கும்னு சொல்லுங்க அண்ணே.