புத்தகத்தை மூடிய பிறகு என்ன மிஞ்சியது? கல்லூரியில் படிக்கக் கற்றுக்கொண்ட அனுபவங்கள்

மூன்றாம் பெஞ்ச்:

முதல் செமஸ்டரில் வேதியியலில் 100க்கு 31 வாங்கினேன். படிக்காமல் போயிருந்தால் மனம் ஆறியிருக்கும். ஆனால் நான் படித்தேன். நோட்டை மூன்று முறை முழுதாக வாசித்தேன், முக்கியமான வரிகளையெல்லாம் மஞ்சள் மார்க்கரால் தீட்டினேன், தேர்வுக்கு முந்தைய இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அத்தனைக்கும் பிறகு 31.

விடைத்தாள் கைக்கு வந்த அன்றே ஆசிரியரைப் பார்க்கப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "எப்படிப் படிச்சே?" நோட்டைக் கொடுத்தேன். நாலைந்து பக்கம் புரட்டினார். தீட்டாத வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவு மஞ்சள். நோட்டை மூடி அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளி, "வேதிச் சமநிலை பத்தித் தெரிஞ்சதை எழுது. பத்து நிமிஷம்" என்றார்.

ஆறு வரி எழுதினேன். அதிலும் இரண்டு வரி ஒரே விஷயம்தான். லே சாட்லியர் தத்துவம் என்ற பெயர் வந்தது. அழுத்தத்தைக் கூட்டினால் சமநிலை எந்தப் பக்கம் நகரும் என்பது வரவில்லை. அது நோட்டில் எங்கே இருக்கிறது என்பது மட்டும் கண்முன் நின்றது: இடப்பக்கம், கீழே, பெட்டி போட்டு. பெட்டி ஞாபகம் இருந்தது, உள்ளே இருந்தது ஞாபகம் இல்லை.

"பார்த்தா தெரியுது என்பது வேற, பார்க்காம சொல்ல முடியுது என்பது வேற. நீ இவ்வளவு நாளும் முதலாவதைத்தான் செஞ்சிருக்கே" என்றார். அந்த வார்த்தை இன்றும் என் மேசைமுன் நிற்கிறது.

அன்றிலிருந்து ஒரே ஒரு பழக்கம். வகுப்பு நடந்த அன்று மாலையே, நோட்டைத் திறக்காமல், நினைவில் இருப்பதை ஒரு தாளில் நீல மையில் எழுதுவேன். முடிந்ததும் நோட்டைத் திறந்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் சிவப்பில் சேர்ப்பேன். சிவப்பாக இருப்பதுதான் நான் படிக்க வேண்டியது. நீலத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பொழுதைக் கழிப்பதில்லை.

இது ஏன் வேலை செய்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006ல் வெளியிட்ட சோதனை ஒன்று. ஒரு பகுதியை ஒரு குழு நான்கு அமர்வுகளிலும் வாசித்தது. இன்னொரு குழு ஒரே அமர்வில் வாசித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வாசித்தவர்களுக்குச் சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம் நினைவிருந்தது. அந்த ஐந்து நிமிட வெற்றிதான் நம்மை ஏமாற்றுகிறது. வாசித்து முடித்த சூட்டில் எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும்.

அடுத்த முறை அதே தாளில் 68 எடுத்தேன். உங்களுக்கும் இப்படி யாரையாவது சந்தித்துப் படிக்கும் விதம் மாறியிருக்கும். எழுதுங்களேன். இப்போது சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உதவும்.

மாலை வகுப்பு:

நான் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு 34 வயதில் மறுபடி கல்லூரியில் சேர்ந்தவன். பகலில் வேலை, வாரம் நான்கு மாலை வகுப்பு, வீட்டில் இரண்டு குழந்தைகள். என் சிக்கல் நினைவு அல்ல, நேரம்.

சேர்ந்ததும் அழகாக ஓர் அட்டவணை போட்டேன். தினமும் இரவு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிப்பு. வாரத்துக்கு 21 மணி நேரம். மூன்றாம் நாளே அது உடைந்தது. திங்கள்கிழமை புதிதாக ஒன்று போடுவேன், புதன்கிழமை அதுவும் உடையும். இரண்டு மாதம் இப்படியே போனபோது, நான் படிப்புக்கு லாயக்கில்லை என்று நிஜமாகவே நம்பத் தொடங்கிவிட்டேன்.

நூலகத்தில் என் எதிரே உட்காரும் ஓர் அக்கா இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தார். அவரும் வேலைக்குப் போகிறவர்தான். என் அட்டவணையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல நீங்க எங்க இருக்கீங்க? இது யாரோ தூங்காத மனுஷனோட அட்டவணை" என்றார். அப்புறம் அவர் சொன்னதுதான் என்னைக் காப்பாற்றியது. "ஒரு வாரம் எதுவும் திட்டம் போடாதீங்க. அரை மணிக்கு ஒரு தடவை என்ன செஞ்சீங்கன்னு மட்டும் குறிச்சுக்கோங்க."

குறித்தேன். ஒரு வாரத்தில் 168 மணி நேரம். வேலை, பயணம், தூக்கம், வகுப்பு, வீடு எல்லாம் போக நிஜமாகக் கையில் நின்றது 11 மணி நேரம். 21 இல்லை. இன்னொன்றும் தெரிந்தது. இரவு ஒன்பதுக்கு மேல் நான் ஒரே பத்தியை நான்கு தடவை வாசிக்கிறேன். விடியற்காலை ஐந்தேகால் முதல் ஆறரை வரை, வீடு எழும் முன், தலை தெளிவாக இருக்கிறது. கடினமான பாடங்களை அங்கே மாற்றினேன். இரவில் வீட்டுப்பாடத்தைச் சுத்தப்படி எழுதுவது, மறுநாளைக்கு எடுத்துவைப்பது மாதிரி லேசான வேலைகள் மட்டும். ஞாயிறு மாலையை வெறுமனே விட்டேன். வாரத்தில் தவறியதெல்லாம் அங்கே வந்து உட்காரும். எல்லா மணி நேரத்தையும் நிரப்பிய திட்டத்தில் ஒரு காய்ச்சலுக்குக்கூட இடமிருக்காது.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்ற நம் கணக்கும் பெரும்பாலும் தப்புதான். 1994ல் வெளியான ஓர் ஆய்வில், இறுதியாண்டு ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள், ஆனது 55க்கும் மேல். இதைப் படித்தபிறகு, மனதில் தோன்றும் நேரத்தோடு பாதியைக் கூட்டித்தான் எழுதுகிறேன். இரண்டு மணி நேரம் என்று தோன்றினால் மூன்று. முடிந்துபோனால் நல்லது, குழந்தைகளோடு உட்காரலாம்.

முதலாமாண்டு:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வேறு பிரச்சினை. இன்று புரிந்தது நாளை இருப்பதில்லை. திங்களன்று வகுப்பில் கைதூக்கிப் பதில் சொன்னதை வெள்ளியன்று யாரோ சொல்லிக் கேட்பதுபோல் கேட்கிறேன். கூடப் படிப்பவர்களுக்கு இப்படி இல்லை. எனக்கு மூளை மந்தமோ என்று பயமாக இருக்கிறது. இதை வீட்டில் சொல்ல முடியவில்லை.

தாள் திருத்துபவர்:

தம்பி, பயப்படாதீர்கள். நான் இருபது வருடமாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். நீங்கள் சொன்னதை என் அறைக்கு வந்து சொல்லாத வருடமே இல்லை. நன்றாகப் படிப்பவர்களும் வந்து சொல்வார்கள்.

மறதியை முதன்முதலில் அளந்து பார்த்தவர் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர். தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு, பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு போகிறது என்று கணக்கிட்டு 1885ல் வெளியிட்டார். ஒரு நாளுக்குள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு வேகம் குறைகிறது. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு நின்றது. நீங்கள் படிப்பது பொருளுள்ள பாடம். ஆகவே உங்கள் மறதி அவ்வளவு கடுமையாக இருக்காது. இருந்தாலும் மறதியின் போக்கு அதுதான், முதல் நாளில்தான் சரிவு அதிகம். மூன்றாம் பெஞ்ச் அன்று மாலையே எழுதிப் பார்க்கிறார் அல்லவா, அது அந்தச் சரிவில் போடும் முட்டு. பிறகு மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போங்கள். இந்த எண்கள் வேதவாக்கு இல்லை. கொஞ்சம் மறக்கத் தொடங்கும் நேரத்தில் திரும்பிப் போக வேண்டும், அவ்வளவுதான். சிரமப்பட்டு நினைவுக்குக் கொண்டுவருகிறீர்களே, அந்தச் சிரமமே வேலை செய்கிறது.

தாள் திருத்தும் மேசையிலிருந்து இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் போவது தெரியாததால் மட்டுமல்ல. 'ஒப்பிடுக' என்று கேட்டிருப்பேன். முதலாவதைப் பற்றி ஒரு பக்கம், இரண்டாவதைப் பற்றி ஒரு பக்கம், இரண்டையும் சேர்த்துவைத்து ஒரு வரிகூட இருக்காது. அந்தப் பிள்ளைக்கு இரண்டுமே தெரியும் என்பது எனக்குத் தெரிகிறது, ஆனாலும் பாதி மதிப்பெண்தான் போட முடிகிறது. அப்போது கை கூசும். எழுதத் தொடங்கும் முன் கேள்வியில் உள்ள வினைச்சொல்லின் கீழ் ஒரு கோடு போடுங்கள். மார்க்கருக்கு அதைவிட நல்ல உபயோகம் இல்லை.

கணிதம் மூன்றாமாண்டு:

ஐயா சொன்ன இடைவெளியோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் ஜூனியர் ஒருவனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். பாடத்தின் முடிவில் உள்ள இருபது கணக்கையும் தடுமாறாமல் போட்டான். தேர்வில் அதே மாதிரிக் கணக்கில் நின்றுவிட்டான். ஏனென்று உட்கார்ந்து பார்த்தோம். பயிற்சியில் எந்த முறை என்று அவன் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, பாடத்தின் தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு இல்லை. பகுதித் தொகையிடலா, பிரதியிடலா என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த மாதம் நான்கு பாடங்களின் கணக்குகளைத் துண்டுச் சீட்டில் எழுதி, கலந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் போடச் சொன்னேன். முதல் வாரம் தடுமாறினான், எனக்கே கஷ்டமாக இருந்தது. ரோரர், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007ல் வெளியிட்ட சோதனையிலும் இதேதான். கலந்து பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் அவர்களுக்கு 63 சதவீதம், ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகை என்று போட்டவர்களுக்கு 20 சதவீதம். என் ஜூனியரும் தேறிவிட்டான். இப்போது அவன் சீட்டு எழுதி வேறொருவனுக்குக் கொடுக்கிறான்.

வீட்டில் முதல் பட்டதாரி:

யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். நான் நன்றாகத்தான் படித்தேன். ஆனால் இரண்டாமாண்டில் எடுத்திருக்க வேண்டிய ஒரு பாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினேன். அதை முடித்தால்தான் மூன்றாமாண்டில் இரண்டு பாடங்கள் எடுக்க முடியும், அதுவும் வருடத்துக்கு ஒரு முறைதான் நடத்துவார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் ஆளில்லை. வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்லூரி என்றால் என்னவென்றே தெரியாது. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. என் தம்பியின் படிப்புக்கு வைத்திருந்த பணமும் அதில் போனது.

ஆலோசகர் என்று ஒருவர் இருந்தார். போய்க் கேட்டால் சின்னக் கேள்வி என்று நினைப்பார்களோ என்று இரண்டு வருடம் அவர் கதவைத் தட்டவில்லை. தட்டிய அன்று அரை மணி நேரத்தில், மீதியிருந்த எல்லாப் பாடத்தையும் ஒரே தாளில் செமஸ்டர் வாரியாக எழுதி, எது எதற்கு முன் வர வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். முதல் மாதமே போய் அப்படி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். தயவுசெய்து கூச்சப்படாதீர்கள்.

முதலாமாண்டு:

ஐயாவுக்கும் எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை இயற்பியல் வகுப்பு முடிந்ததும் வெள்ளைத்தாள் எடுத்தேன். நீலத்தில் ஒன்பது வரி வந்தது. சிவப்பு பதினான்கு. தாளில் தேதி போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நாளை மறுநாள் அதைப் பார்க்காமல் மறுபடி எழுதப்போகிறேன். ஆலோசகரிடம் வியாழக்கிழமை நேரம் கேட்டிருக்கிறேன்.