பரண்ல வருஷக்கணக்கா கிடந்த டயரை பைக்ல மாட்டலாமா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

சேலத்துல இருந்து எழுதறேன். என் மச்சான் ஒரு பழைய புல்லட் 350 வாங்கி ரெடி பண்ணிட்டு இருந்தாப்ல, முன்னாடி பின்னாடி ரெண்டுமே 3.25-19 சைஸ். எங்க பெரியப்பா தோட்டத்துல தகர ஷெட்டுக்குள்ள பரண்ல அதே சைஸ்ல ஒரு ஜோடி டயர் இருந்துச்சு, எப்பவோ வாங்கி வெச்சதுங்க, சுத்தியிருந்த பேப்பர் கூட பிரிக்கல, மோல்டுல இருந்து வர்ற அந்த ரப்பர் முடியெல்லாம் அப்படியே நீட்டிக்கிட்டு இருக்கு, பட்டன், அதான் ரோட்டைத் தொடுற மேல் ரப்பர் கட்டைங்க, முழுசா இருக்கு, பாத்தா யாரா இருந்தாலும் புது டயர்னுதான் சொல்லுவாங்க. சைட்வால்ல (டயரோட பக்கவாட்டுச் சுவர்) நாலு நம்பர் 3709. அதாவது 2009-ல 37-வது வாரம் செஞ்சது. மச்சான் அதைப் பாக்கவே இல்ல, அப்படியே மாட்டிட்டாப்ல.

ஊருக்குள்ள ஓட்டுன வரைக்கும் ஒண்ணும் தெரியல. போன மழைக்கு கொல்லிமலை ஏறினோம், 70 கொண்டை ஊசி வளைவு, போறப்ப காஞ்ச ரோடு நல்லாத்தான் போச்சு, இறங்கறப்ப தூறல் ஆரம்பிச்சிருச்சு. மெதுவாத்தான் இறங்கிட்டு இருந்தாப்ல, ஒரு வளைவுல பின் பிரேக்க லேசா அமுத்துனதும் பின் சக்கரம் அப்படியே பக்கவாட்டுல போயிருச்சு. கிராஷ் கார்டு காப்பாத்துச்சு, முட்டியில தோல் போனதோட சரி. எதுத்தாப்ல பஸ் வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா எனக்கு இன்னும் வயித்தக் கலக்குது.

கீழ வந்து பஞ்சர் கடை அண்ணன் கிட்ட காட்டுனோம். அவரு ஒண்ணுமே பேசல, கட்டைவிரல் நகத்தை பட்டன் மேல அழுத்தி காட்டுனாரு, நகம் இறங்கவே இல்ல. பக்கத்துல இருந்த புது டயர்ல அதே மாதிரி அழுத்துனாரு, லேசா பதிஞ்சு திரும்பி மேல வந்துச்சு. அப்புறம் பட்டனை விரிச்சு காட்டுனாரு, நடுவுல இருக்கிற காடியோட அடியில மயிரிழை வெடிப்பு சுத்தி வரைக்கும் ஓடுது. சட்டப்படி டூவீலருக்கு 0.8 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் இருந்தா போதும், இந்த டயர்ல அதைப்போல பல மடங்கு இருந்துச்சு, ஆனா ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் செத்துப் போச்சு. வேற யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

பதில்:

மதுரைல ஸ்கூட்டர் வேலை பாக்குறேன் தம்பி. நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. எங்கிட்ட வர்ற பழைய கியர் ஸ்கூட்டர்ல எல்லாம் ஸ்டெப்னிதான் எமன். 3.50-10 டயர், வருஷக்கணக்கா வெயில்லயும் மழைலயும் சும்மாவே தொங்கிட்டு இருக்கும், ஓடாத டயர்தானேன்னு எல்லாரும் தைரியமா இருக்காங்க. ஒரு வாடிக்கையாளர் பஞ்சர் ஆனதும் அதை மாட்டிக்கிட்டு மேலூர் தாண்டிப் போயிருக்காரு, ரெண்டு பேரு, அரிசி மூட்டை வேற. சைட்வால் பிளந்து உள்ள இருந்த ட்யூப் வெளிய பிதுங்கி டப்புன்னு வெடிச்சிருச்சு. ட்யூப் டயர்ல அதான் ஆபத்து, ட்யூப்லெஸ்னா ஆணி ஏறுனாலும் பெரும்பாலும் மெதுவா காத்து இறங்கும், ட்யூப் வெடிச்சா நொடியில ஹேண்டில் கைல நிக்காது. நல்லவேளை அவருக்கு பின் சக்கரம்.

ஓடாம இருந்தா டயர் கெடாதுன்னு நினைக்கிறது தப்புப்பா. ரப்பர்ல ஒரு மெழுகும் ஓசோன தாங்குற கெமிக்கலும் கலந்து செய்றாங்க, டயர் உருண்டு மடங்கி நிமிரும்போதுதான் அது உள்ள இருந்து மேல வந்து தோலைக் காப்பாத்தும். சும்மா கிடந்தா மேல வர்றது குறைஞ்சு போகும், ரப்பர் காத்துல இருக்கிற ஆக்சிஜனைக் குடிச்சு குடிச்சு இறுகிரும். நம்ம ஊரு சூட்டுக்கு, அதுவும் தகரக் கூரைக்கு அடியில, இந்த வேலை இன்னும் வேகமா நடக்கும். பேப்பர் சுத்தி வெச்சா வெயில் படாது, சூடு படும்ல?

பதில்:

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், சென்னைல இருந்து. பழசுன்னு எல்லாத்தையும் தூக்கிப் போட வேண்டாம் ஜி. ரெண்டு மூணு வருஷம் நிழல்ல, சூடு இல்லாத ரூம்ல, நிமிர்த்தி வெச்ச டயர் நல்லாவே இருக்கும், என் அண்ணன் அப்படி வெச்சிருந்ததை மாட்டி தேயுற வரைக்கும் ஓட்டுனாரு, மழையிலயும் பிரச்சனை இல்ல. எங்க வெச்சோம்ங்கறதுதான் விஷயம். கம்ப்ரஸர், மோட்டார், வெல்டிங் நடக்குற இடம் பக்கத்துல வெச்சா அந்த ஸ்பார்க்ல வர்ற ஓசோனே வெடிப்பு விட்டுரும், பெட்ரோல் ஆயில் பட்டா ரப்பர் ஊறிப் போகும். மிச்செலின் மாதிரி கம்பெனிகளே மாட்டி 5 வருஷம் ஆச்சுன்னா வருஷா வருஷம் மெக்கானிக் கிட்ட காட்டுங்க, செஞ்ச தேதியில இருந்து 10 வருஷம் ஆனா பட்டன் இருந்தாலும் மாத்திருங்கன்னு சொல்றாங்க. நாலு நம்பருக்குப் பதிலா மூணு நம்பர்தான் இருக்குன்னா அது 2000-க்கு முன்னாடி செஞ்சது, தொடவே தொடாதீங்க.

இன்னொண்ணு, கடையில "ஆஃபர்"னு குடுக்குறப்பவும் அந்த நம்பரைப் பாருங்க. என் ஃப்ரெண்டுக்கு ஒரு கடையில ஆறு வருஷ பழசை புதுசுன்னு மாட்டப் பாத்தாங்க, இவன் மொபைல் டார்ச் அடிச்சு நம்பரைப் படிச்சதும் பேசாம உள்ள போய் வேற எடுத்துட்டு வந்தாங்க. மாட்டுறதுக்கு முன்னாடியே கேக்கணும், மாட்டுன பிறகு யாரும் திருப்பி எடுக்க மாட்டாங்க.

பதில்:

சேலம்தான் மறுபடியும். ரெண்டு பேருக்கும் நன்றிங்ணா. மச்சான் ரெண்டு டயரும் மாத்தியாச்சு, ட்யூபும் அதே பரண்ல இருந்துதான் எடுத்தது, பிரிச்சுப் பாத்தா மடிச்சிருந்த இடத்துல எல்லாம் கோடு கோடா வெடிச்சிருக்கு, அதையும் மாத்தியாச்சு. பெரியப்பா அந்தப் பழைய ஜோடியை பக்கத்துத் தோட்டத்துப் பையனுக்கு குடுத்துரலாம்னு சொன்னாருங்க, எனக்கு மனசு ஒப்பல, அவனும் மாட்டிக்கிட்டு மழைல போவான்ல. சைட்வாலை கத்தியால அறுத்துட்டோம், இனி யாரும் எடுத்து மாட்ட முடியாது. போகிக்கு கொளுத்திரலாம்னு ஒருத்தரு சொன்னாரு, அந்தப் புகை மூச்சுக்கு விஷம்ங்க, அதெல்லாம் வேண்டாம்னு பழைய டயர் எடுக்குறவரு கிட்ட போட்டாச்சு.