நார்ஃபோக், வர்ஜீனியா பீச் பகுதி: உண்மையான மக்கள்தொகை எவ்வளவு? படைத்தளங்களைப் பார்த்து வீடு தேடுவது எப்படி?

கேள்வி: வைகைக்கரை

வணக்கம். ஆகஸ்டில் நார்ஃபோக்கில் உள்ள ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்கிறேன். மனைவியும் பள்ளி வயதில் இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். ஊரைப் பற்றித் தேடினால் ஓரிடத்தில் மக்கள்தொகை 2.38 லட்சம் என்றும், இன்னோரிடத்தில் 18 லட்சம் என்றும் இருக்கிறது. உலகின் மிகப்பெரிய கடற்படைத் தளம் நார்ஃபோக்கில். ஆனால் பெரிய நகரம் வர்ஜீனியா பீச் என்கிறார்கள். கப்பலில் போயிருக்கும் சிப்பாய்கள் இந்தக் கணக்கில் சேர்வார்களா? எந்தெந்தச் சமூகத்தார் எங்கே வசிக்கிறார்கள்? வீடு பார்க்கும்போது தளங்களால் என்ன சிக்கல் வரும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: எண்ணும்எழுத்தும்

நீங்கள் பார்த்த இரண்டு எண்களுமே சரிதான், எல்லைதான் வேறு. வர்ஜீனியாவில் நகரங்கள் எந்தக் கவுண்டிக்கும் (நம்மூர் மாவட்டம் போன்றது) உட்பட்டவை அல்ல, தனித்தனி ஆட்சி. ஹாம்ப்டன் ரோட்ஸ் என்று அழைக்கப்படும் இந்தப் பகுதியில் அப்படி ஏழு நகரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 2020 கணக்கெடுப்பின்படி வர்ஜீனியா பீச் 4,59,470, செசபீக் 2,49,422, நார்ஃபோக் 2,38,005, நியூபோர்ட் நியூஸ் 1,86,247, ஹாம்ப்டன் 1,37,148, போர்ட்ஸ்மத் 97,915, சஃபோக் 94,324. கூட்டினால் 14.6 லட்சம். சுற்றியுள்ள கவுண்டிகளையும், வட கரோலினா எல்லையில் உள்ள சிலவற்றையும் சேர்த்தால்தான் அந்த 18 லட்சம்.

வர்ஜீனியா பீச் பெரிதாகத் தெரிவதற்கு 1963 ஒரு காரணம். அந்த ஆண்டு பிரின்சஸ் ஆன் கவுண்டி முழுவதும் அந்த நகரத்தோடு இணைந்தது. அதே ஆண்டில் நார்ஃபோக் கவுண்டியும் சௌத் நார்ஃபோக்கும் சேர்ந்து செசபீக் ஆனது. நார்ஃபோக் சுற்றி வளைக்கப்பட்டுவிட்டதால் விரிய இடமில்லை. 1970-ல் 3 லட்சத்துக்கு மேல் இருந்த ஊர் அது. ஆகவே பெரிய நகரம் எது என்ற பட்டியலை வைத்து ஊரின் மையத்தைத் தேடாதீர்கள். மையம் இன்றும் நார்ஃபோக்தான்.

சிப்பாய்கள் கணக்கில் வருகிறார்கள். இங்கே தாய்த்துறைமுகம் கொண்ட கடற்படைக் கப்பலின் மாலுமிக்குக் கரையில் வீடு இருந்தால் அந்த முகவரியில் எண்ணுவார்கள். இல்லையென்றால் கப்பலின் தாய்த்துறைமுகத்தில். தற்காலிகமாக வெளிநாட்டுப் பணிக்குப் போனவர்களையும் 2020-ல் உள்நாட்டு வீட்டு முகவரியிலேயே சேர்த்தார்கள். 2010-ல் இந்த விதி இல்லை. இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிடுபவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால், வளர்ச்சி என்று நினைப்பதில் ஒரு பகுதி விதி மாற்றமாக இருக்கும்.

இன்னொன்று. வேலையின்மை விகிதம் பார்க்கும்போது அதில் சீருடைக்காரர்கள் அடங்க மாட்டார்கள், அது சிவிலியன் கணக்கு. மக்கள்தொகைத் துறை ஆண்டுதோறும் நடத்தும் அமெரிக்கச் சமூக ஆய்வின் டிபி03 அட்டவணையில் 'ஆயுதப் படை' என்று தனி வரி இருக்கிறது, அதைப் பாருங்கள். கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்கள் அந்த வரியில் வர மாட்டார்கள். அவர்களை விட்டுவிட்டால் படையை நம்பி வாழும் குடும்பங்களில் பெரும்பகுதி விட்டுப்போகும்.

பதில்: கப்பல்துறை

தளங்களை வரைபடத்தில் குறித்துவிட்டால் மற்றது தானாகப் புரியும். நார்ஃபோக் நகரின் வடமேற்கு முனையான சீவெல்ஸ் பாயிண்டில் நேவல் ஸ்டேஷன் நார்ஃபோக், 1917-ல் தொடங்கியது. உங்கள் பல்கலைக்கழகம் அதற்குப் போகும் ஹாம்ப்டன் பூலவார்டிலேயே இருக்கிறது. கடற்படைப் போர்விமானங்களின் ஓஷியானா தளமும், லிட்டில் க்ரீக் – ஃபோர்ட் ஸ்டோரி தளமும் வர்ஜீனியா பீச்சில். பெயரை நம்பி ஏமாற வேண்டாம்: நார்ஃபோக் நேவல் ஷிப்யார்ட் இருப்பது போர்ட்ஸ்மத்தில். விமானப்படையின் லாங்லி ஹாம்ப்டனில், ராணுவத்தின் ஃபோர்ட் யூஸ்டிஸ் நியூபோர்ட் நியூஸில். 2010-ல் இரண்டும் ஒரே கூட்டுத் தளமாயின. அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல்களைக் கட்டும் ஒரே தனியார் தளமும் நியூபோர்ட் நியூஸில்தான். நேட்டோவின் உருமாற்றக் கட்டளையகம் நார்ஃபோக்கில் இருப்பதால், பள்ளியில் ஐரோப்பியப் பிள்ளைகளையும் பார்ப்பீர்கள்.

சமூகங்களைப் பற்றிக் கேட்டீர்கள். இங்குள்ள கறுப்பின மக்களின் வரலாறு தளங்களைவிடப் பழையது. 1619-ல் ஆப்பிரிக்கர்கள் கொண்டுவந்து இறக்கப்பட்ட பாயிண்ட் கம்ஃபர்ட் இப்போதைய ஹாம்ப்டனில் இருக்கிறது. அதே முனையில் உள்ள மன்றோ கோட்டைக்கு 1861 மே மாதம் மூன்று அடிமைகள் தப்பி வந்தபோது, தளபதி பெஞ்சமின் பட்லர் அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்தார். உள்நாட்டுப் போர் முடிவதற்குள் ஆயிரக்கணக்கானோர் அங்கே குடியேறினார்கள். ஹாம்ப்டன் பல்கலைக்கழகம் 1868-ல் அந்த மண்ணிலிருந்து எழுந்தது. கோட்டை 2011-ல் ராணுவத்தின் கையை விட்டுத் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. பிள்ளைகளை அவசியம் அழைத்துப் போங்கள். பள்ளிப் பாடத்தைவிட அதிகம் புரியும்.

ஆசியர்களில் பெரிய குழு பிலிப்பினோக்கள், அதிலும் வர்ஜீனியா பீச்சில். காரணம் கடற்படை. அமெரிக்காவும் பிலிப்பைன்ஸும் 1947-ல் செய்த ஒப்பந்தப்படி பிலிப்பைன்ஸ் குடிமக்களை அங்கேயே ஆள் சேர்த்தார்கள், 1992 வரை. 1970-களின் தொடக்கம் வரை அவர்களுக்குப் பரிமாறும் வேலையும் சமையல் வேலையும்தான். அந்தத் தடையோடு பணிசெய்து, ஓய்வுக்குப் பின் இங்கேயே வீடு வாங்கிய குடும்பங்கள்தான் அந்நகரின் கெம்ப்ஸ்வில் வட்டாரத்தில் பிலிப்பினோ சமூகத்தை உருவாக்கின. நம் சமையலுக்கு வேண்டிய பாதிச் சாமான்கள் அவர்கள் கடைகளில் கிடைக்கும். இந்துக் கோயில் செசபீக்கில்.

பதில்: வாடகைவீடு

நான் வீட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நீர். விரிகுடாவின் இருபக்கத்தையும் இணைப்பவை பாலமும் சுரங்கமும் சேர்ந்த வழிகள். போர்க்கப்பல் போகும் வாய்க்காலுக்கு அடியில் சாலை கடலுக்குக் கீழே இறங்கும். பாலம் இடிந்தால் கப்பற்படை உள்ளேயே அடைபட்டுவிடும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. உயரம் மீறிய ஒரு லாரியைத் திருப்பி அனுப்பினாலே போக்குவரத்து நின்றுவிடும். எனவே ஹாம்ப்டன், நியூபோர்ட் நியூஸ் வாடகை குறைவாகத் தெரிந்தாலும் நார்ஃபோக் வேலைக்கு அங்கிருந்து தினமும் வர நினைக்காதீர்கள். போர்ட்ஸ்மத் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து வரும் இரண்டு சுரங்கங்களிலும் சுங்கம் உண்டு. மாதக் கணக்கில் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்து வெள்ளம். நிலம் தாழ்கிறது, கடல் ஏறுகிறது. சீவெல்ஸ் பாயிண்ட் கடல்மட்ட அளவியில் 1927 முதல் பதிவு இருக்கிறது, ஆண்டுக்கு 4.5 மி.மீ.க்கு மேல் உயர்வு. மழையே இல்லாமல் ஓதம் ஏறி ஹாம்ப்டன் பூலவார்டின் சில இடங்களில் தண்ணீர் நிற்கும். முகவரியை ஃபீமா (அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பு) வெள்ள வரைபடத்தில் போட்டு, வெள்ள அபாயம் அதிகமான ஏஇ மண்டலமா என்று பாருங்கள். வீட்டுக்காரரின் காப்பீடு உங்கள் சாமான்களுக்கு ஈடு தராது. சாதாரண வாடகைக் காப்பீட்டில் வெள்ளம் அடங்காது, தனியாக எடுக்க வேண்டும்.

மூன்றாவது நேரம். படையினர் இடமாற்றம் மே முதல் ஆகஸ்ட் வரை உச்சத்தில் இருக்கும். அவர்களுக்கு அரசு தரும் வீட்டுப்படித் தொகை ஜனவரி 1-ல் மாறும், வாடகையும் அதைப் பின்தொடரும். ஜூலைக்குள் ஒப்பந்தம் முடித்துவிடுங்கள்.

வைகைக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. செசபீக்கின் தெற்கே வயல்வெளிப் பக்கம் நல்ல தனிவீடு குறைந்த வாடகைக்கு வந்திருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: வாடகைவீடு

செசபீக்கில் உள்ள கடற்படையின் ஃபென்ட்ரெஸ் ஓடுதளம் எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள். ஓஷியானா விமானிகள் விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குவதற்கான பயிற்சியை அங்கேதான் செய்வார்கள். இறங்கித் தரையைத் தொட்டு உடனே மேலே ஏறி, வட்டமடித்து மறுபடியும் இறங்குவார்கள். இரவில்தான் அதிகம், ஏனென்றால் சுற்றிலும் இருட்டு வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு வீடு பார்த்தால் குருவிச் சத்தம்தான் கேட்கும்.

நகராட்சித் தளத்தில் முகவரியைக் கொடுத்தால் இரைச்சல் மண்டலம் தெரியும்: 65க்குக் கீழ், 65–70, 70–75, 75க்கு மேல் என்று டெசிபலில். 70க்கு மேல் என்றால் பிள்ளைகள் தூக்கத்துக்காகவாவது விட்டுவிடுங்கள். விமான விபத்து வாய்ப்பு மண்டலம் என்று தனியாக ஒன்றும் உண்டு. இந்த இரண்டையும் ஒப்பந்தத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது வர்ஜீனியாச் சட்டம். தானாகத் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

பதில்: எண்ணும்எழுத்தும்

பள்ளிகளும் நகரம் வாரியாகத்தான், பொதுவாக எல்லை தாண்டிச் சேர்க்க மாட்டார்கள். இலையுதிர் காலத்தில் பள்ளியிலிருந்து ஃபெடரல் இம்பாக்ட் எய்ட் படிவம் வரும்: பெற்றோர் ஃபெடரல் நிலத்தில் வேலை செய்கிறார்களா, அங்கே வசிக்கிறார்களா என்று கேட்கும். பல்கலைக்கழகம் மாநிலத்துடையது என்பதால் 'இல்லை' என்று குறித்துக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புங்கள். தளங்கள் சொத்துவரி கட்டுவதில்லை. அந்த இழப்பை ஈடுசெய்யும் பணம், இந்தப் படிவங்களில் தெரியவரும் ஃபெடரல் தொடர்புள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் வருகிறது.

தளத்துக்குள் பார்வையாளராகப் போக நினைத்தால், அழைத்துச் செல்ல அடையாள அட்டை உள்ள ஒருவர் வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கப்பல்களைப் பார்ப்பதுதான் ஆசை என்றால், நார்ஃபோக் டவுன்டவுனிலிருந்து கிளம்பும் சுற்றுலாப் படகே எளிது.