ஸ்ட்ராப்போ: உரிப்பா, பெயர்ப்பா?

> சுவரோவியத்தைச் சுவரிலிருந்து எடுக்கும் எல்லா முறைக்கும் 'பெயர்த்தெடுப்பு' போதுமே. எதற்கு இரண்டு சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

போதாது ஐயா. சுவரோவியத்தை எடுக்க இத்தாலியர்களிடம் ஸ்ட்ராப்போ, ஸ்டாக்கோ என்று இரண்டு முறைகள் உண்டு. இரண்டுக்கும் தனித்தனித் தமிழ்ச்சொல் வேண்டும் என்கிறேன். ஸ்பெயினில், கட்டலோனியாவின் பைரனீஸ் மலையில், போயி பள்ளத்தாக்கில், ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் தாஉல் என்றொரு சிற்றூர். ('தவுல்' என்று எழுதியிருந்தேன், படித்தவர்கள் நாதசுவரத்தைத் தேடினார்கள். மாற்றிவிட்டேன்.) அங்குள்ள புனித கிளமெந்து ஆலயத்தைப் பற்றி எழுதும்போதுதான் இந்தச் சிக்கலில் மாட்டினேன்.

ரோடா ஆயர் ராமோன் அந்த ஆலயத்தை நேர்ந்தளித்தது 1123 டிசம்பர் 10. தூண் ஒன்றில் வண்ணத்தால் எழுதிவைத்த செய்தி இது. மறுநாளே அதே ஊரின் மரியன்னை ஆலயத்துக்கும் நேர்ந்தளிப்பு. பீடத்துக்குப் பின்னே வளைந்த சுவரில் கிறிஸ்து அமர்ந்திருக்கிறார். கையிலுள்ள விரித்த ஏட்டில் 'உலகின் ஒளி நானே' என்று லத்தீனில். எனக்குப் பிடித்தது அவரல்ல, பக்கத்து வளைவில் இருக்கும் ஏழை லாசர். ஊன்றுகோலோடு சாய்ந்திருக்கிறான், ஒரு நாய் அவன் புண்ணை நக்குகிறது.

இந்த ஓவியங்கள் இப்போது மலையில் இல்லை, பார்சிலோனாவில் கட்டலோனியத் தேசியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதே நாட்டு மூர் ஆலயத்து ஓவியங்கள் (இப்போது அமெரிக்காவின் பாஸ்டனில் இருப்பவை) விலைபோனது தெரிந்ததும் பார்சிலோனாவில் பதறிப்போனார்கள். எஞ்சியவற்றையாவது காப்பாற்ற 1919 முதல் 1923 வரை இத்தாலிய வல்லுநர்களைக் கொண்டே மலையூர் ஆலயங்களின் ஓவியங்களை எடுத்து இறக்கினார்கள். அவர்கள் கையாண்ட முறைதான் ஸ்ட்ராப்போ.

ஓவியத்தின் மேல் விலங்குப் பசையைத் தடவித் துணி ஒட்டுவார்கள். நம் ஆசாரிமார் காய்ச்சும் வச்சிரம்தான், நாற்றம் உட்பட. காயக் காயப் பசை சுருங்கி வண்ணப்படலத்தைத் தன்னோடு இழுக்கும். ஓரத்தை வெட்டி, மெல்ல இழுத்தால் ஓவியம் துணியோடு வந்துவிடும். அதைச் சுருட்டிக் கொண்டுபோய், பின்புறத்தில் புதுத் துணி ஒட்டி, முன்துணியை வெந்நீரால் கழற்றுவார்கள். காரை சுவரிலேயே நின்றுவிடும்.

இத்தாலியர்கள் 'ஸ்டாக்கோ' என்பது வேறு. அதில் காரையும் சேர்ந்து வரும். 'பெயர்ப்பு' அதற்குத்தான் பொருந்தும்: தரையோடு, அடியோடு பெயர்ப்பது. படலம் மட்டும் வந்தால் அது உரிப்பு. ஆகவே,

ஸ்ட்ராப்போ: ஓவிய உரிப்பு
ஸ்டாக்கோ: காரைப் பெயர்ப்பு

இன்னொரு காரணமும் உண்டு. ஈரக் காரையில் தீட்டிய வண்ணம் உள்ளே இறங்கியிருக்கும். உரித்தாலும் சுவரில் நிழல்போல எஞ்சும். தாஉலில் அப்படி எஞ்சியதைத் துலக்கி, 2013 முதல் பழைய ஓவியத்தை ஒளியால் அதே சுவரில் வீழ்த்திக் காட்டுகிறார்கள். 'பெயர்த்தெடுத்தார்கள்' என்று எழுதினால், சுவரில் மிச்சம் எப்படி வந்தது என்று வாசகர் கேட்பாரா இல்லையா?

> உரிப்பு என்றால் கசாப்புக்கடை நினைவு வருகிறதே. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியத்தை எடுத்ததையும் இப்படித்தான் சொல்வீர்களா?

மாட்டேன். அங்கே அடியில் சோழர் ஓவியம் இருந்தது. மேலடுக்கைக் கீழடுக்கிலிருந்து விலக்கி, கண்ணாடியிழைப் பலகையில் ஏற்றினார்கள். அதற்கு 'அடுக்குப் பிரிப்பு' என்பேன். கசாப்புக்கடை பற்றி: கரியுரி (யானைத்தோல்) போர்த்தவன் என்று சிவனையே பாடிய மொழி இது. உரித்தெடுத்த ஓவியத்தை 'ஓவிய உரி' என்றால்கூட எனக்குக் கூச்சமில்லை.

யானை என்றதும் ஒன்று. பீடத்துக்குப் பின்னுள்ள அந்த அரைவட்டப் பகுதியை, ஆங்கிலத்தில் ஆப்ஸ் என்பதை, 'தூங்கானைமாடம்' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். அழகான சொல்தான். ஆனால் பெண்ணாகடத்தில் பார்த்தால், யானை முதுகுபோல் பின்புறம் வளைந்த விமானம் முழுவதற்கும் அந்தப் பெயர். இங்கே வேண்டியது வளைந்த கோடிச்சுவருக்கும் அதன் அரைக்குடக் கூரைக்கும் மட்டும். 'கோடிவளைவு' என்று தற்காலிகமாக எழுதிவைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.